யாருக்கு எழுதினார் ஜார்ஜியானா?

மேற்கு ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலப் பெண் ஜார்ஜியானா மொலாய் எழுதிய கடிதங்களில் ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாள்பவை அவருடைய கையெழுத்தில் இன்று நமக்குக் கிடைப்பதில்லை. லண்டனில் வாழ்ந்த கடற்படைக் கேப்டன் ஜேம்ஸ் மாங்கிள்ஸ் தனக்கு வந்த தாவரவியல் கடிதங்களைத் தடித்த ஏடுகளில் படியெடுத்து வைத்திருந்தார். அந்த ஏடுகள் இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மாநில நூலகத்தில் இருக்கின்றன. தாய்க்கும் தங்கைக்கும் எழுதியவற்றில் சில, இங்கிலாந்தின் கார்லைல் நகர ஆவணக் காப்பகத்தில் கென்னடி குடும்பத்துத் தாள்களோடு கிடக்கின்றன. ஸ்காட்லாந்துத் தோழியருக்கு எழுதியவை இன்னொரு தொகுதி. மூன்றையும் ஒருசேர வாசித்தால் மூன்று பெண்கள் பேசுவதுபோல் இருக்கிறது. வீட்டாருக்கு எழுதும்போது பொறுப்புள்ள மகள், தோழிக்கு எழுதும்போது களைத்துப்போன இளம் தாய், முகமறியாத கேப்டனுக்கு எழுதும்போது காட்டையே தன் கையடக்கமாகக் கொண்ட ஒரு தாவர அறிஞர்.

குடியேற்றக் காலத்துப் பெண்களின் கடிதங்களை மனம் திறந்த வாக்குமூலங்களாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கடிதத்தை எழுதுபவர் மட்டும் எழுதுவதில்லை. மறுமுனையில் பிரித்துப் படிக்கப்போகிறவரும் பாதி எழுதுகிறார். மேல்குடிப் பெண் விஷயத்தில் இது இன்னும் கூடுதல் உண்மை. யாரிடம் எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பதைச் சிறு வயதிலேயே பாடமாகப் படித்தவர் அவர்.

ஜார்ஜியானா கென்னடி 1805 மே மாதம் இங்கிலாந்தின் வட எல்லையில், கார்லைலுக்குப் பக்கத்தில் பிறந்தார். நிலபுலன் உள்ள குடும்பம். தந்தை குதிரையிலிருந்து விழுந்து இறந்த பிறகு வீட்டின் வசதி சரிந்தது; மதிப்பை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜார்ஜியானா அந்தக் காலத்துச் சுவிசேஷப் பக்தி இயக்கத்தில் ஆழ்ந்தவர். ஸ்காட்லாந்தின் ரோஸ்னீத் தீபகற்பத்தில், டன்லப் சகோதரிகளின் வீட்டில் நெடுநாள் தங்கியிருந்தார். அவர்களில் ஹெலன், ரோஸ்னீத் திருச்சபைப் போதகர் ராபர்ட் ஸ்டோரியை மணந்தார். 1829 ஆகஸ்டில் ஜார்ஜியானா, ஐபீரியத் தீபகற்பப் போரிலும் வாட்டர்லூவிலும் போரிட்ட கேப்டன் ஜான் மொலாயை மணந்தார். மாப்பிள்ளை வயதில் மிகவும் மூத்தவர். அதே ஆண்டு அக்டோபரிலேயே இருவரும் ‘வாரியர்’ கப்பலில் ஏறிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர்கள் ஏன் உலகின் மறுகோடிக்குப் போனார்கள் என்பதற்கு விடை வீரசாகசத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் சுவான் ஆற்றுக் குடியேற்றம் 1829இல் ஆளுநர் ஜேம்ஸ் ஸ்டர்லிங்கின் கீழ் தொடங்கியபோது, கொண்டுவரும் முதலீட்டில் ஒவ்வொரு 3 பவுண்டுக்கும் 40 ஏக்கர் நிலம் என்று அரசு அறிவித்தது. அழைத்துவரும் வேலையாள் ஒவ்வொருவருக்கும் 200 ஏக்கர். போர் முடிந்துபோன காலத்தில் படை அதிகாரியின் வருமானத்தைக் கொண்டு இங்கிலாந்தில் பெரிய மனிதராக வாழ முடியாது. அங்கே வழுக்கிக்கொண்டிருந்த அந்தஸ்தை வேறொரு கண்டத்தில் ஏக்கர் கணக்கில் மீட்டெடுக்கலாம் என்ற ஆசைதான் கனவான்களைக் கப்பலேற்றியது. ஆகவே மொலாய் தம்பதி ஏறத்தாழ ஐந்து மாதக் கடற்பயணத்துக்குப் பிறகு 1830 மார்ச்சில் ஃப்ரீமேண்டிலில் இறங்கியபோது, அவர்களோடு கால்நடைகளும் வேலையாட்களும் இறங்கினார்கள். அவர்கள் இறங்குமுன்பே நல்ல ஆற்றங்கரை நிலமெல்லாம் கைமாறியிருந்தது. ஸ்டர்லிங் அவர்களைத் தெற்கே அனுப்பினார்.

தெற்கே என்றால் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை. லூவின் முனைக்கு அருகே பிளாக்வுட் ஆறு கடலோடு சேருமிடம். மே மாதத் தொடக்கத்தில் அங்கே இறங்கிய சிறு கூட்டத்தில் மொலாய் தம்பதியோடு டர்னர் என்பவரின் பெரிய குடும்பமும், பஸ்ஸல் சகோதரர்கள் நால்வரும், ஒரு சிறு படைப் பிரிவும் இருந்தார்கள். குடியிருப்புக்கு ஆகஸ்டா என்று பெயர் வைத்தார்கள். அங்கே மே என்பது மழைக்காலத்தின் வாசல். வெட்டினால் சாயாத மரங்கள், கடலிலிருந்து ஓயாமல் வீசும் காற்று. வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள், மழை ஒழுகும் கூடாரத்தில், ஜார்ஜியானாவுக்கு முதல் பெண் குழந்தை பிறந்தது. சில நாட்களிலேயே இறந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 25.

இதைப் பற்றி அவர் மனம்விட்டு எழுதியது உடனே அல்ல. சில ஆண்டுகள் கழித்து ரோஸ்னீத்தில் ஹெலன் ஸ்டோரி தன் குழந்தையை இழந்த செய்தி கப்பலேறி வந்த பிறகுதான். ஆறுதல் சொல்ல எடுத்த கடிதத்தில் தன் துக்கத்தை எடுத்துவைக்கிறார். இந்தத் தனிமை நிலத்தில் குழந்தை தன் கைகளிலேயே இறந்ததையும், சமாதிமேல் பிரிட்டிஷ் குளோவர்ப் புல்லைப் பதித்திருந்தும் அது அந்த வனாந்தரத்தில் ஒட்டாமல் தனித்துத் தெரிவதையும் சொல்கிறார். இழவு கேட்கப் போகிறவர் தன் வீட்டு இழவையும் சொல்லி அழுவது நமக்குப் பழக்கமான ஒன்றுதான். ஆனால் இவர் வளர்ந்த சமூகத்தில் துக்கம் அடக்கத்தோடு அனுசரிக்கப்பட வேண்டியது, விதியாக ஏற்றுப் பிரார்த்திக்கப்பட வேண்டியது. தோழியின் இழப்புச் செய்தி கிடைத்த பிறகே தன் இழப்பைச் சொல்லும் உரிமை அவருக்குக் கிடைத்தது. மரணம் 1830இல், அதற்கான பேச்சு பல கப்பல்கள் கழித்து.

தோழியருக்கு எழுதியவற்றில் இன்னொன்று, மார்கரெட் டன்லப்புக்கு 1833இல் எழுதியது, இந்தக் கடிதங்களிலேயே நிஜமானது என்று எனக்குப் படுகிறது. தலை வலிக்கிறது, வெளுத்து வந்த துணிகளை எடுத்துவைக்க வேண்டும், குழந்தையைத் தூங்கவைக்க வேண்டும், தேநீர் போட வேண்டும், அதையும் பால் இல்லாமல் குடிக்க வேண்டும், பிறகு ஜெபம் வாசித்துவிட்டுப் படுக்க வேண்டும், நடுவே மேசை நிறையக் கிடக்கும் கடிதங்களை முடித்து அனுப்ப வேண்டும் என்று மூச்சுவிடாமல் அடுக்குகிறார். பால் ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணமும் போகிறபோக்கில் வருகிறது: அயலார் நிலத்தில் மேய்ந்துவிட்டதென்று அவர்களுடைய பசுவைச் சுட்டுவிட்டார்கள். ஒரு கண்டத்தையே சொந்தமாக்கிக்கொள்ள வந்தவர்கள் ஒரு பசு எல்லை தாண்டியதைப் பொறுக்கவில்லை.

அந்தக் கடிதத்திலேயே அவர் மார்கரெட்டைக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. உன் தகுதிக்கு ஒத்த ஒரு பெண்கூட இல்லாத இடத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்பது அதன் சாரம். இதை எடுத்தாள்பவர்கள் பெரும்பாலும் தனிமையின் வலியாக மட்டும் பார்க்கிறார்கள். வலி உண்மைதான். ஆனால் ஆகஸ்டாவில் பெண்களே இல்லாமல் இல்லை. டர்னர் வீட்டில் பெண்கள் இருந்தார்கள். படைவீரர்களின் மனைவியர் இருந்தார்கள். அவரோடு கடல் கடந்து வந்த வேலைக்காரக் குடும்பத்துப் பெண்கள் இருந்தார்கள். காட்டின் சொந்தக்காரப் பெண்கள் இருந்தார்கள். இவர்களில் யாரும் பேச்சுத்துணையாகக் கணக்கில் வரவில்லை. ஒரே மழையில் நனைந்து ஒரே ஆற்றுத் தண்ணீரில் துவைத்தாலும் வரிசை அழியவில்லை. அவருடைய தனிமையின் வேலியைக் காடு போடவில்லை. இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

அவரை இதற்காகக் கடிந்துகொள்வதில் பயனில்லை. வேலை செய்து பழகாத வர்க்கத்துப் பெண் ஒருத்தி, வெண்ணெய் கடைந்து, ரொட்டி சுட்டு, தைத்து, பிள்ளை பெற்று, பிள்ளைக்குப் பாடம் சொல்லி, அத்தனைக்கும் நடுவே தன்னை வேலைக்காரியாக மாறிவிடாத ஒருத்தியாகக் காட்டிக்கொள்ளப் பாடுபட்டார். அதற்கு அவரிடமிருந்த ஒரே சாதனம் கடிதம். கடிதத்தில் இருக்கும்வரை அவர் கென்னடி வீட்டுப் பெண்.

கடிதப் போக்குவரத்தும் அன்று எளிதில் அமைவதல்ல. ஆகஸ்டாவுக்கென்று வாடிக்கைத் தபால் கப்பல் கிடையாது. எப்போதாவது எட்டிப்பார்க்கும் அரசுக் கப்பல், தண்ணீரும் காய்கறியும் தேடி ஒதுங்கும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் இவற்றை நம்பித்தான் எல்லாம். கப்பல் தெரிந்ததும் இரவோடிரவாக எழுதித் தள்ள வேண்டும். மேசை நிறையக் கடிதங்கள் கிடந்ததன் பொருள் அதுதான். இங்கிலாந்துக்குப் போக ஐந்து மாதம், பதில் திரும்ப ஐந்து மாதம், இடையே துறைமுகங்களில் காத்திருப்பு. ஒரு கேள்விக்கு விடை வர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் கேட்டவர் வேறொரு ஆளாகியிருப்பார்.

1836 டிசம்பரில் மாங்கிள்ஸின் பெட்டி வந்தது. எகிப்து, சிரியா என்று சுற்றியவர், அந்தப் பயணத்தைப் பற்றித் தோழர் இர்பியோடு சேர்ந்து நூல் எழுதியவர், 1831இல் சுவான் ஆற்றுக்கும் வந்துபோனவர். ஆளுநரின் மனைவி எலன் ஸ்டர்லிங் பிறந்த வீட்டு வழியில் அவருக்கு உறவு. ஜார்ஜியானாவின் பெயரைச் சொன்னதும் எலன்தான். பெட்டியில் இங்கிலாந்துத் தோட்டச் செடிகளின் விதைகளும், உலர்த்திய செடிகளை ஒட்டிவைக்க ஒரு வெற்று ஏடும் இருந்தன. இந்த விதைகளை எடுத்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு உங்கள் பகுதிக் காட்டுச் செடிகளின் விதைகளை அனுப்புங்கள் என்பது வேண்டுகோள்.

இதன் பின்னணியில் ஒரு பெரிய மோகம் இருந்தது. அந்த ஆண்டுதான் சாட்ஸ்வொர்த்தில் டெவன்ஷையர் பிரபுவுக்காக ஜோசப் பாக்ஸ்டன் பிரமாண்டக் கண்ணாடித் தோட்டத்தைக் கட்டத் தொடங்கினார். 1840இல் அது முடிந்தது. பணக்காரர்கள் அயல்நாட்டுச் செடிகளுக்காகப் போட்டியிட்டார்கள். லாடிஜஸ் போன்ற நாற்றங்கால்கள் அதை வியாபாரமாக்கின. ஜான் லின்ட்லி போன்ற அறிஞர்கள் புதுச் செடிகளுக்குப் பெயர் சூட்டக் காத்திருந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு, உலகில் வேறெங்கும் வளராத செடிகள் குவிந்துகிடக்கும் நிலம். சத்தில்லாத மணலில் அத்தனை வகைப் பூக்கள். கோதுமை விளையாமல் குடியேறிகள் சபித்த அதே மண், பூந்தோட்டக்காரர்களுக்குப் புதையலாயிற்று.

1837 மார்ச்சில் ஜார்ஜியானா எழுதிய முதல் பதிலில் தயக்கம் இருக்கிறது. வீட்டு வேலையில் தன் நேரமெல்லாம் போய்விடுகிறது, தாவரவியல் தனக்குத் தெரியாது, இருந்தாலும் முயல்கிறேன் என்கிறார். மேல்குடிப் பெண் அறிமுகமில்லாத ஆணுக்கு எழுதும் மரியாதை வடிவம் அதில் அப்படியே இருக்கிறது. இந்த வடிவம் அடுத்த கடிதத்தில் உடைகிறது.

1837 நவம்பர் 11. மகன் ஜானுக்கு வயது ஒன்றரைக்கு மேல். அவர்களுக்கு ஒரே ஆண் பிள்ளை. காலை உணவுக்குப் பிறகு தாய் வீட்டு வேலையில் இறங்கியிருந்த நேரத்தில் குழந்தையைக் காணவில்லை. தேடினார்கள். கிணற்றுப் பக்கம் அவன் போகவே மாட்டான் என்று சொல்லிக்கொண்டே தேடினார்கள். கிணற்றில்தான் கிடந்தான். உயிர்ப்பிக்க எல்லா முயற்சியும் செய்தார்கள். 1838 ஜனவரியில் மாங்கிள்ஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இது முழுவதும், அந்தக் காலை நேரத்தின் ஒவ்வொரு நிமிடமுமாக, இருக்கிறது. ஒரு நாள்கூட நோய்வாய்ப்படாத பிள்ளை, கடைசியாகப் பார்த்தபோது சிரித்துக்கொண்டிருந்தவன் என்று எழுதுகிறார். நேரில் பார்த்திராத ஒருவரிடம் இப்படிக் கொட்டுவதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறார்.

ஏன் அவரிடம்? ஹெலனுக்கு எழுதியதுபோல் இங்கே ஈடுசெய்யும் துக்கம் எதுவும் இல்லை. எனக்குத் தோன்றும் காரணம் இது: விதை சேகரிக்கும் வேலை அந்த மரணத்தோடு பின்னிக்கொண்டுவிட்டது. பிள்ளையை இழந்த பிறகு எஞ்சிய குழந்தைகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் போகத் தொடங்கினார். வீட்டுக்குள் இருப்பதைவிடப் பூக்களிடையே நடப்பது தாங்கக்கூடியதாக இருந்தது. சேகரிப்பு ஏன் தாமதமானது, ஏன் திடீரென்று இவ்வளவு தீவிரமானது என்பதை விளக்க வேண்டுமானால் அவர் பிள்ளையின் சாவைச் சொல்லியே ஆக வேண்டும். வேலை பற்றிய கடிதமாக இருந்ததால்தான் அதில் துக்கத்துக்கு இடம் கிடைத்தது. முகமறியாதவர் என்பது இங்கே தடையாக இல்லாமல் வசதியாகிவிட்டது. மாங்கிள்ஸ் ஆறுதல் வசனங்களைப் பைபிளிலிருந்து திருப்பிப் படிக்க மாட்டார். தாய்போல் கவலைப்பட மாட்டார். தங்கள் அன்புக்குரியவர்களிடம் சொல்ல முடியாததை அயலாரிடம் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அவர் செய்த வேலையின் நுட்பம் இன்று எளிதில் பிடிபடாது. அங்கே பூக்காலம் பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. விதை முற்றுவது அதற்குப் பின், வெயில் ஏறிய மாதங்களில். ஒரு செடியை அடையாளம் காட்டப் பூவோடு கூடிய கிளை வேண்டும். வளர்க்க விதை வேண்டும். பூத்தபோது பார்த்து, இடத்தை நினைவில் வைத்து, காய்ந்து நிறம் மாறி மற்ற புதரோடு கலந்துபோன பிறகு அதே செடியைத் தேடிச் செல்ல வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் காய் வெடித்து விதை சிதறிவிடும். ஒரு நாள் முந்தினால் பிஞ்சு. பெயர் தெரியாததால் எண்கள் கொடுத்தார்: உலர்த்திய மாதிரிக்கு ஓர் எண், அதே எண் விதைப் பொட்டலத்துக்கும். பூச்சி நீக்கி, தூசி புடைத்து, ஈரம் ஏறாமல் கட்டினார். இந்த ஒழுங்குதான் லண்டனில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

மாங்கிள்ஸ் மிகவும் விரும்பிக் கேட்டவற்றில் ஒன்று நூய்ட்சியா மரத்தின் விதை. கிறிஸ்துமஸ் சமயத்தில் மரம் முழுக்கப் பொன்னிறமாகப் பூத்துத் தள்ளும். அதற்காக ஜார்ஜியானா அலைந்தார். அது பக்கத்துச் செடிகளின் வேர்களிலிருந்து நீர் உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்பது அன்று யாருக்கும் தெரியாது. தனியே ஒரு தொட்டியில் வைத்து ஆங்கிலக் கண்ணாடி வீட்டில் வளர்க்க அது இசைந்துகொடுக்கும் மரம் அல்ல.

காட்டில் அவர் தனியாக அலையவில்லை. கணவர், குழந்தைகள், படைவீரர்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டார். எல்லோரையும்விட அப்பகுதியின் பழங்குடிகளான நூங்கார் மக்களின் உதவிதான் பெரியது. பூவும் விதையும் தேடுவதில் வெள்ளையரைவிட இவர்களே மேல் என்று மாங்கிள்ஸுக்கு எழுதுகிறார். தேவையற்ற கேள்வி கேட்பதில்லை, புரியாததைக் கண்டு இளிப்பதில்லை, சொன்னதை அப்படியே செய்கிறார்கள் என்பது அவர் தரும் காரணம். முதல் இரண்டு காரணங்களைப் படிக்கும்போது சக குடியேறிகள் இந்தப் பூப்பித்தைக் கேலி செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது; ஜார்ஜியானாவின்மேல் பரிவு வருகிறது. மூன்றாவது காரணம் வந்ததும் பேசுவது எஜமானி என்பது நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு அந்தச் செடிகளை வாழ்நாள் முழுக்கத் தெரியும். எது எப்போது முற்றும், எதன் கிழங்கை உண்ணலாம் என்று தெரியும். அந்த அறிவு அவர் வாக்கியத்தில் கீழ்ப்படிதலாகச் சுருங்கிவிட்டது.

1838இல் போன பெட்டிகள் இங்கிலாந்தில் பரபரப்பை உண்டாக்கின. மாங்கிள்ஸ் விதைகளைப் பங்கிட்டு லின்ட்லிக்கும் பாக்ஸ்டனுக்கும் லாடிஜஸுக்கும் நியூகாசலின் ஜார்ஜ் ஹெய்ல்ஸுக்கும் கொடுத்தார். இவ்வளவு சுத்தமான, இவ்வளவு முளைக்கும் விதைகள் அந்தப் பகுதியிலிருந்து வந்ததில்லை என்று பாராட்டினார்கள். சுவான் ஆற்றில் அதே வேலையைச் செய்த ஜேம்ஸ் டிரம்மண்ட் இன்று பெரிய தாவர சேகரிப்பாளராக மதிக்கப்படுபவர். அவர் தன் விதைகளுக்குப் பணம் பெற்றார். மாங்கிள்ஸோடு அவருக்கு மனத்தாங்கலும் வந்தது. ஜார்ஜியானா ஒரு காசு பெறவில்லை. கேட்டிருக்கவும் முடியாது, கூலி வாங்கினால் அது வேலையாகிவிடும், அவர் சீமாட்டியாக இருக்க முடியாது. அவர் கேட்டதெல்லாம் செடிகளின் பெயர்களும் புத்தகங்களும் தோட்ட விதைகளும்தான். இங்கே அவர் வர்க்கம் அவருக்கு எதிராகவே வேலை செய்தது. மாங்கிள்ஸின் பெயரை, இன்று அம்மாநிலத்தின் மலராக இருக்கும் கங்காருப் பாதப் பூ 1834 முதலே தாங்கிக்கொண்டிருக்கிறது. ஜார்ஜியானாவின் பெயரில் ஒரு பொரோனியா இருக்கிறது. அது பின்னாளில் வந்தது.

1839 மே மாதம் மொலாய் குடும்பம் ஆகஸ்டாவைக் கைவிட்டு வடக்கே வாஸ் ஆற்றங்கரைக்கு, இன்றைய பஸ்ஸல்டன் பகுதிக்கு, இடம் பெயர்ந்தது. தன் கையால் வளர்த்த தோட்டத்தையும் இரண்டு பிள்ளைகளின் சமாதிகளையும் விட்டுவிட்டு வந்தார் ஜார்ஜியானா. புது இடத்தில் செடிகளும் வேறு. சில மாதங்களில் மீண்டும் பெட்டி நிரப்பத் தொடங்கினார். அந்த டிசம்பரில் லுட்விக் பிரைஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் வந்து தங்கினார். பல ஆண்டுகளில் முதல்முறையாகத் தன் விஷயத்தைத் தன்னளவுக்குப் பேசும் ஒருவரோடு அவர் உட்கார்ந்து பேசியிருக்கக்கூடும்.

வாஸ் பகுதி வார்டண்டி நூங்கார் மக்களின் நிலம். 1841 பிப்ரவரியில் வன்னரப்பில் ஜார்ஜ் லேமன் என்ற குடியேறி, கேவல் என்ற மூத்தவரின் தாடியைப் பிடித்து இழுத்து அவமதித்தார். கேவல் அவரை ஈட்டியால் குத்திக் கொன்றார். அதற்குப் பழிவாங்கக் கிளம்பிய கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர்கள், அப்பகுதியின் நீதிபதியான கேப்டன் ஜான் மொலாயும் ஜான் பஸ்ஸலும். கொல்லப்பட்டவர்களின் தொகை பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. பஸ்ஸல் வீட்டுப் பெண் ஒருவரின் நாட்குறிப்பில், ஏழு பேர் கொல்லப்பட்டதும் கேப்டன் மொலாய் வந்து தேநீர் அருந்தியதும் பக்கத்துப் பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன. 1897இல் கிம்பர்லி எழுதிய வரலாறு, ஏரிக்கரை வரை துரத்திச் சென்று மிகப் பலரைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்கிறது. வார்டண்டி வழித்தோன்றல்களின் நினைவும் அப்படியே.

ஜார்ஜியானாவின் விதைக் கடிதங்களை மட்டும் படிப்பவருக்கு இந்த வாஸ் தென்படாது. அங்கே வாஸ் என்பது புதிய செடிகள் கிடைக்கும் ஊர். மாங்கிள்ஸுடனான உறவு பூவின் பேரில் ஏற்பட்டது. பிள்ளையின் சாவுக்கு அதில் கதவு திறந்தது, கணவர் கையால் நேர்ந்த சாவுகளுக்குத் திறக்கவில்லை. இதைக் கபடம் என்று நான் சொல்ல மாட்டேன். கடிதத்தில் அவர் எவ்வளவு திறந்து பேசினாலும், வீட்டுத்தலைவரின் அதிகாரத்தைப் பற்றி வெளியாரிடம் பேசாத பெண்ணாகத்தான் அவர் வளர்க்கப்பட்டிருந்தார். பஸ்ஸல் வீட்டு நாட்குறிப்பு அச்சுக்கும் பார்வைக்கும் எழுதப்பட்டதல்ல. அதனால்தான் தேநீரும் கொலையும் அங்கே சகஜமாக அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் மேல்குடிப் பெண்களின் எழுத்தை மட்டும் வைத்துக் குடியேற்ற வரலாறு எழுதினால் அது பூந்தோட்ட வரலாறாக முடியும்.

1842 டிசம்பரில் ஏழாவது பிரசவம். மகள் பிழைத்தாள், தாய் படுக்கையிலிருந்து எழவில்லை. 1843 ஏப்ரல் 8 அன்று, 37 வயதில், ஜார்ஜியானா இறந்தார். செய்தி இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் ஹெய்ல்ஸ் மாங்கிள்ஸுக்கு எழுதிய வரிகளை எல்லா வரலாற்றாசிரியரும் எடுத்தாள்கிறார்கள். தூர தேசங்களுக்குப் போகிறவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர்கூடத் தாய்நாட்டுத் தோட்டங்களுக்கு இவர் செய்ததைச் செய்ததில்லை என்பது அதன் கருத்து. நல்ல மனத்தோடு சொன்ன பாராட்டு. தாய்நாட்டுத் தோட்டங்கள் என்பதில் அந்தக் காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அவருடைய உலர்செடிகளில் சில கியூ தாவரவியல் பூங்காவிலும் கேம்பிரிட்ஜிலும் இருக்கின்றன. 1955இல் அலெக்சாண்ட்ரா ஹாஸ்லக் எழுதிய வாழ்க்கை வரலாறு அவரைப் பொறுமையின் உருவமான முன்னோடிப் பெண்ணாக நிறுத்தியது. 1994இல் வில்லியம் லைன்ஸ் அதே கடிதங்களைக் காட்டை அழித்த குடியேற்றத்தின் கதையாக எழுதினார். பின்னர் பெர்னிஸ் பாரி கார்லைலின் கென்னடி தாள்களையும் புரட்டி, அறிவுப் பசி கொண்ட ஒரு மனத்தைத் தேடினார். பாரியின் வழி எனக்கு உவப்பானது. ஆனால் மூவருக்கும் முன்னே இருந்த தாள்கள், அவை யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்பதாலேயே பிழைத்தவை. போதகர் வீடும் நிலவுடைமைக் குடும்பமும் கடற்படைக் கேப்டனும் காகிதத்தைப் பாதுகாத்து வைக்கும் இடமும் வழக்கமும் உள்ளவர்கள். ஆகஸ்டாவில் அதே 1830 மழையில் கூடாரத்தில் கிடந்த படைவீரர் மனைவியரின் குடும்பங்களில் அப்படி அலமாரிகள் இல்லை.

ஜார்ஜியானாவுக்கு ஐந்து மகள்கள் எஞ்சினர். மூத்தவள் சபீனா 1848இல் மேத்யூ ஹேலை மணந்தாள். அவர் பின்னர் பெர்த்தின் முதல் ஆங்கிலிக்கன் ஆயரானார். மேரியை மணந்தவர் எட்மண்ட் டூ கேன் என்ற படைப் பொறியாளர்; அவர் இங்கிலாந்தின் சிறைகளுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தார். ஜான் மொலாயும் ஜேம்ஸ் மாங்கிள்ஸும் 1867இல், ஒரே ஆண்டில், இறந்தார்கள். அந்தஸ்தை மீட்கப் போட்ட கணக்கு, கடைசியில் மகள்களின் திருமணங்களில் நேர்செய்யப்பட்டது.